முதல் பார்வையின் சாட்சியம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு ஏறிக்கொள்ளலாம் என்றால் எல்லாக் கணினிக்கும் அந்த வழி திறந்திருக்கவில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும் ஏறக்குறைய 2018க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். புதுச்சேரியின் டிடிபி கடைகளிலும் சிறிய அச்சகங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் அதற்கு முந்திய கணினிகள் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு திருகாணிகூடப் பழுதாகவில்லை. ஆனால் காலாவதி ஆகிவிட்டன. ஓராண்டு நீட்டிப்பை வாங்கித் தள்ளிப்போடலாம், புதுக் கணினி வாங்கலாம், அல்லது அதே கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது வழியைப் பற்றி யோசிப்பவர்கள் இப்போது முன்பைவிட அதிகம். அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக விண்டோஸ் அல்லாத ஒரு திரையைக் கணினியில் பார்க்கப்போகிறார்கள். பார்த்த ஒரு மணி நேரத்தில் 'இது சரிப்படாது' என்றோ 'பரவாயில்லையே' என்றோ முடிவும் செய்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்து முடிவுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? என் எண்ணத்தில் மிகக் குறைவு. புதிய இயங்குதளத்தைப் பார்க்கிற முதல் பார்வை அந்த இயங்குதளத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அதற்கு முன் எது வந்தது என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே எது முதலில் வர வேண்டும் என்று முடிவெடுக்கும் இடங்களைத்தான், முக்கியமாகப் பள்ளிக்கூடங்களைத்தான், நாம் கவனிக்க வேண்டும்.

லினக்ஸை நிறுவாமலே பார்த்துவிடலாம். அதன் வகைகளான உபுண்டுவையோ மின்ட்டையோ ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து கிளப்பினால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழுத் திரையும் வந்து நிற்கும். உபுண்டுவாக இருந்தால் நிரல்களின் வரிசை கீழே இல்லாமல் இடப்பக்கம் நெடுக நிற்கும். கை தானாக இடது கீழ் மூலைக்குப் போகும். அங்கே ஸ்டார்ட் பொத்தான் இருக்காது. அடுத்து சி டிரைவ், டி டிரைவ் எங்கே என்று கண் தேடும். லினக்ஸில் அப்படி எழுத்துப் பெயர் கொண்ட டிரைவுகள் கிடையாது. எல்லாக் கோப்புறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி இறக்கி 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தும் வேலையும் இல்லை. ஒரு களஞ்சியத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்கவைப்பது ரெஃப்ரெஷ். நம் ஊரில் கணினி முன் உட்காருகிற பலருக்கு, வெற்றுத் திரையில் வலது கிளிக் செய்து ரெஃப்ரெஷை இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டுத்தான் வேலை தொடங்கும். அதனால் கணினியின் வேகம் கூடுவதில்லை. திரையில் உள்ள ஐகான்கள் மறுபடி ஒருமுறை வரையப்படுகின்றன, அவ்வளவுதான். உபுண்டுவின் வலது கிளிக் மெனுவில் அது இல்லை. அது இல்லாததையும் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு பயனும் தராத செயலுக்கான பொத்தான் இல்லாமல் போனதும் குறையாகப் படுகிறது என்றால், அந்தக் குறையின் வேர் இயங்குதளத்தில் இருக்க முடியாது.

தமிழ்த் தட்டச்சில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய கை 'கொடி' என்று அடிக்க முதலில் கொம்பை அடிக்கும், அப்புறம் ககரம், அப்புறம் கால். கண்ணுக்கு இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அப்படியே. வானவில், பாமினி போன்ற எழுத்துருக் குறியாக்கங்களும் அந்தக் கண் வரிசையைத்தான் பின்பற்றின. யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. தமிழ்99 விசைப்பலகையில் 'க', 'ஒ' என்று அடித்தால் 'கொ' வந்துவிடும். டிடிபி தொழிலில் பல ஆண்டு இருந்த ஒருவர் லினக்ஸ் திரையில் தமிழை முதல்முறை அடித்துப் பார்க்கும்போது கொம்பு போகிற இடத்துக்குப் போகாது. தன் பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து இறைந்து கிடக்கும். 'லினக்ஸில் தமிழ் வராது' என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் அங்கே உடைந்தது லினக்ஸ் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த 1990களின் எழுத்துருக் குறியாக்கம் யூனிகோடோடு மோதுகிற இடம் அது. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்று ஆணை பிறப்பித்த பிறகும் அச்சுத் தொழிலில் பலர் பழைய குறியாக்கத்தை விடவில்லை என்பதால் இந்த மோதல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவர் விண்டோஸ் 11 வாங்கி அதில் யூனிகோட் தமிழில் பக்கம் கட்ட முயன்றாலும் இதே இடத்தில்தான் தடுமாறுவார். லினக்ஸிலோ ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு நிரல்களைச் சேர்த்துக்கொண்டால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும், தட்டச்சு விசைப்பலகையும் கிடைக்கும். கொம்பை முன்னால் அடிக்கும் கைக்கும் அங்கே வழி இருக்கிறது. அந்த இடம்வரை போகாமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

புதுச்சேரிக்கு இன்னொரு மொழிக் கணக்கும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா குடும்பங்கள், லிசே பிரான்சேயில் படிக்கும் பிள்ளைகள், அலியான்ஸ் பிரான்சேஸில் மொழி கற்பவர்கள் என்று பிரெஞ்சில் எழுத வேண்டியவர்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். நம் கடைகளில் விற்கும் விசைப்பலகையில் மேலே கோடு போட்ட 'e' எழுத்துக்கு விசை இல்லை. விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 0233 என்று எண் அடிக்கிற வித்தை பலருக்கு மனப்பாடம். லினக்ஸில் கம்போஸ் என்று ஒரு விசையை ஒதுக்கிக்கொண்டு, ஒற்றை மேற்கோள் குறியையும் 'e' எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் போதும். எது எளிது என்று இரண்டும் தெரியாத ஒருவரைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வார் என்றே நினைக்கிறேன். 0233 மனப்பாடமான ஒருவரைக் கேட்டால் முதலாவதைச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் எளிது.

பிரான்ஸையே சாட்சிக்கு அழைக்கலாம், அதுவும் புதுச்சேரிப் போலீஸ் தலையில் இன்றும் இருக்கும் சிவப்புக் கெப்பித் தொப்பியை நமக்குத் தந்த நாட்டின் காவல் படையை. பிரான்சின் தேசிய ஜாந்தார்மரி பெரும் கணினிப் படையை விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாற்றிய அமைப்பு. அவர்கள் செய்த வரிசைதான் முக்கியம். முதலில் இயங்குதளத்தைத் தொடவேயில்லை. 2005இல் விண்டோஸுக்குள்ளேயே ஓப்பன்ஆபிஸைக் கொண்டுவந்தார்கள். அடுத்து பயர்பாக்ஸும் தண்டர்பேர்டும் வந்தன. கடிதம் எழுதுவதும் அஞ்சல் பார்ப்பதும் அந்த நிரல்களில் பழகிய பிறகு, 2008இல்தான் அடியில் இருந்த தளத்தை உபுண்டுவாக மாற்றத் தொடங்கினார்கள். விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போயிருந்தாலும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டித்தான் இருந்திருக்கும், உபுண்டுவுக்கு வந்ததில் ஐகான்களும் விளையாட்டுகளும்தான் பெரிய வித்தியாசமாக இருந்தன என்று மாற்றத்தை நடத்திய அதிகாரி ஒருவர் அப்போது சொன்னது பரவலாக வெளியானது. 2024 வாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகள் அங்கே அந்தத் தளத்தில் ஓடின. காவலர்கள் கணினி வல்லுநர்கள் அல்லர். குற்ற அறிக்கை தட்டச்சு செய்யும் சாதாரணப் பயனர்கள். அதே உபுண்டுவை ஒரு திங்கட்கிழமை காலையில் மொத்தமாகத் திணித்திருந்தால் அவர்களும் ஸ்டார்ட் பொத்தானைத்தான் தேடியிருப்பார்கள்.

ஒரு அமைப்பின் மாற்றத்துக்கு மாறிய நாள் அளவுகோல் ஆகாது என்பதைப் புதுச்சேரியைப் போல் அறிந்த ஊர் குறைவு. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி பிரான்ஸிடமிருந்து கைமாறியது. ஆனால் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28இல். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். இடையில் எட்டாண்டு. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். யாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமோ அவர்கள் தேர்ந்துகொள்ள ஆறு மாதக் கால அவகாசம் வைத்தார்கள். 1954 நவம்பர் 2ஆம் தேதி காலையில் ஒரு பத்திரப் பதிவு மேசையின் முன் நின்று புதிய ஆட்சி எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் பதில் முழுக்கக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பதிலை வைத்து இணைப்பு சரியா தவறா என்று யாரும் முடிவுகட்ட மாட்டோம்.

முதல் பார்வைக்கு மதிப்புக் குறைவு என்ற இந்த வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. எல்லா முகச்சுளிப்பையும் பழக்கத்தின் தலையில் போட்டுவிட்டால், மோசமாக வடிவமைக்கப்பட்ட எதையும் 'போகப் போகப் பழகிவிடும்' என்று மக்கள் மேல் சுமத்தலாமே? விண்டோஸ் 8 நினைவிருக்கும். 2012 அக்டோபரில் வந்தது. ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே மக்கள் குமுறினார்கள். மறு ஆண்டே 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது. அங்கே முதல் பார்வைதானே ஜெயித்தது? ஜெயித்தது, ஜெயிக்க வேண்டியதும்தான். ஆனால் அந்தக் குமுறலுக்குள் இரண்டு வேறு வலிகள் கலந்திருந்தன, அவற்றைப் பிரிக்க ஒரு வழியும் இருக்கிறது. கணினியையே தொட்டிராத ஒருவரை அதன் முன் உட்காரவைக்க வேண்டும். அவரும் தடுமாறும் இடம் வடிவமைப்பின் குறை; பழையதில் ஊறியவர் மட்டும் தடுமாறும் இடம் பழக்கத்தின் இழப்பு. விண்டோஸ் 8இல் சுட்டியைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோனால்தான் சில கட்டளைகள் தலைகாட்டும், அங்கே ஏதோ இருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. கணினியை அணைக்கும் வழியைப் புதியவரும் தேடித் திணறுவார். அது குறை. லினக்ஸிலும் இப்படிப்பட்ட குறைகள் இருக்கின்றன. தமிழ் உள்ளீட்டுக்குத் தனி நிரல் சேர்க்க வேண்டும் என்பதும், சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும் என்பதும் யாரும் சொல்லாமல் புதியவருக்கு எப்படித் தெரியும்? லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை நேசிப்பவர்கள் இதைப் பயனரின் சோம்பல் என்று தள்ளுவது தவறு. சோதனை இரண்டு பக்கமும் வெட்டட்டும்.

இன்னொரு எதிர்வாதம் பிழைப்பு சம்பந்தப்பட்டது. அதன் முன் எந்தக் கோட்பாடும் சற்று அடங்கித்தான் நிற்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற டிடிபி ஆபரேட்டருக்கு மூன்று மாதம் பழகிப் பார்க்க யார் சம்பளம் கொடுப்பார்கள்? அவர் வேலை பார்ப்பது பக்கம் கட்டும் நிரலான பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல்; லினக்ஸுக்கென்று அது ஒருபோதும் வரவில்லை. பல கடைகளில் இருக்கும் கேனன் எல்பிபி 2900 போன்ற பிரிண்டரை லினக்ஸில் ஓடவைப்பது எளிய காரியமில்லை. டெண்டர் போட மின்கையெழுத்து டோக்கன் செருகுபவர்களுக்கும் இதே சிக்கல் வரக்கூடும். இவை பழக்கத்தால் வந்த குறைகள் அல்ல, நிஜமான சுவர்கள். ஆகவே அவரிடம் 'மாறு' என்று உபதேசம் செய்யும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால், இந்தச் சுவர்கள் எதுவும் முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணில் படுவதில்லை. அந்த நேரத்தில் அவர் புகார் சொல்வது ஐகானைப் பற்றியும் ரெஃப்ரெஷைப் பற்றியும்தான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: என் பழைய கோப்பு திறக்குமா, என் பிரிண்டர் பேசுமா, இந்தத் தமிழை இன்னொரு கணினிக்கு அனுப்பினால் அப்படியே போய்ச் சேருமா? ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பு 2024 தொடக்கத்தில் வந்தபின் கட்டற்ற மென்பொருளிலேயே யூனிகோட் தமிழில் பக்கம் கட்ட முடிகிறது. அதில் ஒரு இதழையாவது முழுக்கக் கட்டிப் பார்ப்பது சிறுபத்திரிகைக்காரர்களான நம்மைப் போன்றவர்களின் கடமை என்றே நினைக்கிறேன். வாரக் கெடு இல்லாதவர்கள் நாம்தான்.

ம்யூனிக் நகராட்சி திரும்பிப் போகவில்லையா என்று கேட்பார்கள். 2003இல் முடிவெடுத்து, பத்தாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய அந்த நகரம், 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது உண்மை. ஆனால் பத்தாண்டுக்கு மேல் வேலை நடந்த ஒரு தளத்தை முதல் பார்வை தோற்கடித்தது என்று அதற்குப் பொருளில்லை; அரசியல் தலைமை மாறியதும் நிர்வாகச் சிக்கல்களும் அதில் கலந்திருந்தன. நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2006, 2007இல் சி. உமாசங்கர் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினியைக் கிளப்பும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஒன்றையும் வீட்டில் அண்ணன் பயன்படுத்தும் ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடு என்றால் மாணவி எதைத் தேர்வாள்? பாஸ் அங்கே தோற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது போட்டிக்கே அழைக்கப்படவில்லை.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் காட்டியது. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிகளைக் குனு/லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். இயங்குதளத்தோடு நிற்காமல் பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வையும் அதில் நடத்தினார்கள். பின்னாளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகள் அதில் ஓடின. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு லினக்ஸ் 'மாற்று' இல்லை; அதுதான் கணினி. புதுச்சேரிக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்சிப்பரப்பின் ஒரு துண்டான மாஹே கேரளப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருந்தது என்றாலும், பாடத்தில் படம் பார்ப்பதும் கையால் பழகுவதும் ஒன்றல்ல. ஒரே அரசின் கீழ் இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு முதல் பார்வைகள். அவர்கள் அறிவிலோ விருப்பத்திலோ வேறுபாடில்லை. பாடத்திட்டம் எந்த மாநிலத்திலிருந்து வந்தது என்பது மட்டும்தான் வேறு.

வேலைக்குப் போகிற இடத்தில் விண்டோஸ்தானே இருக்கும் என்ற கேள்வி எஞ்சுகிறது. பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பள்ளியில் படிக்கும் பிள்ளை வேலைக்குப் போகும்போது அந்தத் திரை இன்றுபோல் இருக்கப்போவதில்லை. எக்ஸ்பியில் படித்தவர்கள் இன்று விண்டோஸ் 11இல் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிய தளம் மக்களுக்கு ஆகாது என்பதும் உண்மையில்லை. பொத்தான் போனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு ஊரே மாறியது. பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மாக்கள் க்யூஆர் அட்டையை மாட்டிவைத்து, பணம் வந்ததா என்று போனில் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஆண்ட்ராய்டின் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருநிரல்தான். அவர்களால் முடிந்ததற்குக் காரணம், அந்த வகைத் திரையில் அவர்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் மகளோ பேரனோ இருந்தார்கள்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. கணினி ஆய்வகங்களுக்கு வாங்கும் கருவிகளின் விவரப் பட்டியலில் இயங்குதளம் என்று ஒரு வரி வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் முதல் பார்வை அந்த வரியில்தான் எழுதப்படுகிறது. அதில் லினக்ஸும் இடம்பெற வேண்டும், தமிழ்99 விசைப்பலகை முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குக் கருவி வருவதற்கு முன்பே பயிற்சி முடிந்திருக்க வேண்டும். 'எப்படி இருக்கிறது' என்ற கேள்வியைத் திறப்பு விழா அன்று கேட்காமல் ஒரு பருவம் முடிந்தபின் கேட்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்ற சாக்கும் இந்த ஊரில் செல்லாது. கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் என்ற பெயரில் இளைஞர்கள் புதுச்சேரியில் மாணவர்களுக்கு லினக்ஸ் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். விழுப்புரத்திலும் அப்படி ஒரு பயனர் குழு இருக்கிறது. கல்வித்துறை அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வரும் கோடை விடுமுறைக்குள் புதுச்சேரியில் ஒரு பள்ளியிலும் காரைக்காலில் ஒரு பள்ளியிலும் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.